அரசியலுக்கு அனுமதி இல்லை, இளவரசருக்கு உண்டு

அரசியலிலும் மதத்திலும் ஃபிஃபா நடுநிலை வகிக்கும் என்று அதன் சட்டப் புத்தகத்தில் ஒரு விதி இருக்கிறது. கையோடு, அமைப்பின் நோக்கங்களைத் தொடும் விஷயங்களில் இதற்கு விலக்கு உண்டு என்று இன்னொரு வரியும் இருக்கிறது. தனித்தே போட்டி என்று முழங்கிவிட்டு, கூட்டணிக்குக் கதவு திறந்தே இருக்கிறது என்று சொல்லி வைக்கும் கட்சியின் சாமர்த்தியம் இது. 1904இல் பாரிஸில் பிறந்து, இப்போது ஸூரிச்சிலிருந்து உலகக் கால்பந்தை ஆளும் இந்த அமைப்பு நடுநிலையை மீறுகிறது என்று விமர்சகர்கள் அடிக்கடி குறைபட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் ஃபிஃபாவைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்றே தோன்றுகிறது. நடுநிலை என்ற அந்த விதிதான் ஃபிஃபா கையில் இருக்கும் மிகப் பெரிய அரசியல் ஆயுதம். புல்தரையில் ஓடுகிறவனுக்கு அது வாய்ப்பூட்டு. மேடையில் இருக்கிறவருக்கு ஒலிபெருக்கி.

முதலில், நாடு என்றால் எது என்ற கேள்வியைப் பாருங்கள். ஐ.நா. சபையில் 193 உறுப்பு நாடுகள், ஃபிஃபாவில் 211. ஐ.நா.வில் ஒரே நாற்காலியில் உட்காரும் பிரிட்டன், கால்பந்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என நான்காகப் பிரிந்து ஆடுகிறது. ஐ.நா.வில் இடமில்லாத கொசோவோவும், ஸ்பெயின் கண்ணில் முள்ளாக இருக்கும் ஜிப்ரால்டரும் 2016இல் ஃபிஃபாவில் சேர்ந்துவிட்டன. தைவான் உண்டு, ஆனால் ‘சைனீஸ் தைபே’ என்ற பெயரில். மேற்கு ஆசியாவில் இருக்கும் இஸ்ரேல் ஐரோப்பாவில் ஆடுகிறது. 1958 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில் துருக்கி, இந்தோனேசியா, சூடான் ஆகிய மூன்றும் இஸ்ரேலுடன் ஆட மறுத்தன. ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஓர் அணி உள்ளே வரக் கூடாது என்பதால், தகுதிச்சுற்றில் தோற்று வீட்டில் உட்கார்ந்திருந்த வேல்ஸைக் குலுக்கலில் எடுத்து இஸ்ரேலுடன் மோத விட்டார்கள். வேல்ஸ் வென்றது. ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒதுக்கிய இடத்தில் போட்டி நடந்த ஸ்வீடனுக்குப் போன அந்த அணி காலிறுதி வரை முன்னேறி, பெலே என்ற பதினேழு வயதுப் பையன் அடித்த கோலில் வெளியேறியது. பூகோள வாத்தியார்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பது அவர்கள் உடம்புக்கு நல்லது. அங்கீகாரம் கிடைக்காதவர்களுக்கென்று கோனிஃபா என்ற தனி அமைப்பே இருக்கிறது. 2018இல் லண்டனில் அது நடத்திய போட்டியில் தமிழீழ அணியும் ஆடியது. கொசோவோவுக்குத் திறந்த கதவு இவர்களுக்கு ஏன் திறக்கவில்லை என்பதற்குக் கால்பந்து விதிகளில் பதில் தேடிப் பயனில்லை.

இந்த 211 பேருக்கும் ஆளுக்கொரு வாக்கு. கேட்க ஜனநாயகமாக இருக்கிறது. ஐந்து முறை உலகக் கோப்பை வென்ற பிரேசிலுக்கும் ஒன்று, சுமார் ஐயாயிரம் பேர் வாழும் எரிமலைத் தீவான மான்செராட்டுக்கும் ஒன்று. 2002 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்த அதே நாளில், தரவரிசையில் கடைசியில் கிடந்த பூட்டானும் மான்செராட்டும் திம்புவில் மோதின, பூட்டான் 4-0. அந்தத் தோல்வியால் மான்செராட்டின் வாக்கு இம்மியும் எடை குறையவில்லை. வளர்ச்சி நிதி என்ற பெயரில் நான்காண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு சங்கத்துக்கும் பல மில்லியன் டாலர் போகிறது. கூரையில்லாத மைதானம் கொண்ட நாட்டுக்கு அது பெரிய தொகை. கொடுக்கும் கையை யாரும் கடிப்பதில்லை. ஜானி இன்ஃபான்டினோ 2016இல் போட்டியிட்டு இரண்டாம் சுற்றில் 115 வாக்குகள் பெற்றுத் தலைவரானார். அதன் பிறகு 2019, 2023 இரண்டு முறையும் எதிர்த்து நிற்க ஆள் இல்லை, கைதட்டியே தேர்ந்தெடுத்தார்கள்.

மைதானத்துக்குள் அரசியல் எப்படி நுழைகிறது என்பதற்கு 1982 உலகக் கோப்பையின்போது ஸ்பெயினின் வாயாடோலிட் நகரில் நடந்ததைவிடச் சிறந்த காட்சி கிடைக்காது. குவைத்துக்கு எதிராக பிரான்ஸ் 3-1 என முன்னிலையில் இருக்கிறது. கூட்டத்திலிருந்து விசில் சத்தம் கேட்டு, நடுவர்தான் ஊதினார் என்று நினைத்த குவைத் வீரர்கள் நின்றுவிட, பிரான்ஸின் ழிரெஸ் பந்தை வலைக்குள் தட்டிவிடுகிறார். பார்வையாளர் வரிசையில் இருந்தவர் குவைத் மன்னரின் தம்பியும் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத் தலைவருமான இளவரசர் ஃபஹத். அங்கிருந்தே வீரர்களை வெளியேறும்படி சைகை காட்டினார். அதுவும் போதாதென்று, அங்கியும் தலைத்துணியுமாகப் புல்தரைக்கே இறங்கி வந்தார். சோவியத் நடுவர் ஸ்டுபார் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கோலை ரத்து செய்துவிட்டார்! பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 4-1 என்று முடித்ததால் வில்லங்கம் தீர்ந்தது. ஒரு கோலைக் களத்தில் நின்றே அழித்த இளவரசரின் சாதனையை அதற்குப் பின் எந்தத் தடுப்பாட்டக்காரரும் எட்டவில்லை.

சிலே கதையில் சிரிப்பு அவ்வளவு எளிதாக வராது. 1973 செப்டம்பர் 11இல் அங்கே பினோசெட் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சந்தியாகோவின் தேசிய மைதானம் கைதிகளை அடைத்து, சித்திரவதை செய்து, சுட்டுக் கொல்லும் முகாமானது. அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக்கான கடைசித் தகுதி ஆட்டத்தில் சிலேயுடன் சோவியத் யூனியன் அதே மைதானத்தில் ஆட வேண்டும். சோவியத் மறுத்தது. ஃபிஃபா இரண்டு அதிகாரிகளைப் பார்வையிட அனுப்பியது. அவர்கள் புல்லைப் பார்த்தார்கள், வரிசைகளைப் பார்த்தார்கள், எல்லாம் சுமுகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த நேரத்தில் துப்பாக்கி முனையில் கீழறைகளில் தங்களை அமுக்கி வைத்திருந்ததாக, பிழைத்தவர்கள் பின்னர் சொன்னார்கள். நவம்பர் 21 அன்று சிலே அணி மட்டும் களமிறங்கியது. எதிரே ஒருவரும் இல்லை. வீரர்கள் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டே போனார்கள். அணித்தலைவர் வால்டெஸ் அதைக் காலி வலைக்குள் உருட்டிவிட்டார். மறுபடி ஆட்டத்தைத் தொடங்க எதிரணி இல்லாததால் அத்துடன் முடிந்தது. அடித்தது ஒரு கோல்; ஃபிஃபா கணக்கில் ஏற்றியது 2-0. அன்று களத்தில் இருந்தவர்களில் பினோசெட்டின் எதிர்ப்பாளரான காசெலியும் ஒருவர். 1974 உலகக் கோப்பையில் அவர் வாங்கியதுதான் அந்தப் போட்டியின் வரலாற்றில் முதல் சிவப்பு அட்டை. ராணுவத்துக்கு எந்த அட்டையும் காட்டப்படவில்லை.

இதை 2022உடன் சேர்த்து வாசியுங்கள். உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும், அதனுடன் ஆட மாட்டோம் என்று போலந்து, ஸ்வீடன், செக் குடியரசு மூன்றும் அறிவித்தன. பிப்ரவரி 27 அன்று ஃபிஃபா வழங்கிய தீர்ப்பு: கொடியும் தேசிய கீதமும் வேண்டாம், பெயரைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு பொது மைதானத்தில் ஆடலாம். மறுநாளே ரஷ்யாவுக்கு முழுத் தடை. 1973இல் ஆட மறுத்தவன் வெளியேற்றப்பட்டான். 2022இல் மறுத்தவன் நின்றான், எதிராளி வெளியேறினான். விதி ஒன்றுதான். மறுத்தவர்களின் எண்ணிக்கையும் செல்வாக்கும்தான் வேறு. தடை சரியா தவறா என்பது தனி வாதம். ஒரே இரவில் மாறியதைக் கொள்கை என்று சொல்வதில்தான் எனக்குத் தயக்கம்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. விதியைத் தளர்த்தினால் ஒவ்வோர் ஆட்டமும் பொதுக்கூட்டமாகிவிடாதா? 1969இல் எல் சால்வடோரும் ஹோண்டுராஸும் தகுதிச்சுற்று ஆட்டங்களுக்குப் பின் போருக்கே போகவில்லையா? போனார்கள், ‘கால்பந்துப் போர்’ என்று பெயரும் வைத்தார்கள். ஆனால் ஹோண்டுராஸில் குடியேறியிருந்த ஆயிரக்கணக்கான சால்வடோர் விவசாயிகள் நிலச் சீர்திருத்தத்தின் பெயரால் விரட்டப்பட்டதுதான் அந்தப் பகையின் வேர். பந்து பழியைச் சுமந்தது, அவ்வளவே. மாறாக, 1998இல் லியோனில் அமெரிக்காவைச் சந்தித்த ஈரான் வீரர்கள் வெள்ளை ரோஜாக்களுடன் வந்தார்கள். பூவைக் கொடுத்துவிட்டு 2-1 என்று வென்றார்கள். அது அரசியல் இல்லையா? அரசியல்தான். பகைவர்களையும் ஒரே களத்தில் நிறுத்த முடிவது ஃபிஃபாவின் உண்மையான சாதனை; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2016இல் போரில் இறந்தவர்கள் நினைவாகக் கையில் பாப்பிப் பூ அணிந்ததற்கு இங்கிலாந்துக்கு 45,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் போட்டவர்களும் இவர்களே. ஒரு பூ சமாதானம், இன்னொரு பூ அரசியல். அடுத்த ஆண்டே விதி தளர்ந்து, இரண்டாவது பூவும் சமாதானமாகிவிட்டது.

இன்னொரு மறுப்பு: அரசுகள் கால்பந்தில் தலையிடாமல் தடுக்க இந்தக் கறார் தேவை. 2022 ஆகஸ்டில் இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் இப்படித்தான் இடைநீக்கமானது. சம்மேளனத்தை நிர்வகிக்க உச்ச நீதிமன்றம் நியமித்த குழு, ஃபிஃபா கண்ணுக்கு வெளியார் தலையீடு. அந்தக் குழுவின் பொறுப்பு முடிவுக்கு வந்ததும், மாதம் முடிவதற்குள் தடை நீங்கியது. 2023 ஜனவரியில் இலங்கைக்கும் இதே கதி. தலையீடு கெடுதல்தான். ஆனால் சர்வாதிகாரியின் மகனே சங்கத் தலைவராக இருந்தால்? இராக்கில் உதய் ஹுசைன் தோற்ற வீரர்களைச் சித்திரவதை செய்கிறார் என்ற புகாரை விசாரிக்க 1997இல் ஃபிஃபா ஆட்களை பாக்தாத்துக்கு அனுப்பியது. உதயின் பிடியிலேயே இருந்த வீரர்களிடம் விசாரித்தார்கள். புகாருக்கு ஆதாரமில்லை என்று திரும்பினார்கள். சந்தியாகோவில் புல் நன்றாக இருந்ததைப் போலத்தான். நீதிமன்றம் குழு அமைத்தால் அது தலையீடு. மன்னர் குடும்பம் அரசுக் கருவூலத்தைத் திறந்து உலகக் கோப்பையையே வாங்கி வந்தால் அது விருந்தோம்பல்.

2022இல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பையில் இந்த இரட்டை அளவுகோல் உச்சத்துக்குப் போனது. அரசியல் சண்டைகளுக்குள் கால்பந்தை இழுக்காதீர்கள் என்று அணிகளுக்குக் கடிதம் போனது. பாகுபாட்டை எதிர்க்கும் ‘ஒன் லவ்’ கைப்பட்டையை அணிந்தால் மஞ்சள் அட்டை என்று மிரட்டியதும் ஏழு ஐரோப்பிய அணிகள் பின்வாங்கின. ஜெர்மனி வீரர்கள் குழுப் படத்துக்கு வாயைக் கையால் பொத்தி நின்றார்கள். பிறகு ஜப்பானிடம் தோற்றார்கள், அது வேறு விஷயம். போட்டி தொடங்க ஒரு நாள் இருக்கும்போது இன்ஃபான்டினோ செய்தியாளர்கள் முன் அமர்ந்து, இன்று தான் கத்தார்க்காரனாக, அரபியனாக, ஆப்பிரிக்கனாக, தன்பாலீர்ப்பாளனாக, மாற்றுத்திறனாளியாக, புலம்பெயர் தொழிலாளியாக உணர்வதாகச் சொன்னார். பெண்களை விட்டுவிட்டீர்களே என்று ஒருவர் நினைவூட்ட, அவர்களையும் சேர்த்துக்கொண்டார். 2025 டிசம்பரில் வாஷிங்டனில் உலகக் கோப்பைக் குலுக்கல் நடந்தபோது, அமைதிக்கான பரிசு ஒன்றைப் புதிதாக உண்டாக்கி ட்ரம்ப் கையில் கொடுத்தார். அமைதிக்கான நோபல் மேல் ட்ரம்ப்புக்கு இருந்த ஆசை ஊரறிந்தது. அது வேறொருவருக்குப் போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கைப்பட்டை அரசியல், பதக்கம் விளையாட்டு.

2034 உலகக் கோப்பைக்கு ஒரே விண்ணப்பம், சவூதி அரேபியா. 2024 டிசம்பரில் இணையவழியே கூடிய மாநாட்டில் தனி வாக்கெடுப்பு இல்லை. 2030 போட்டியையும் இதையும் ஒரே கட்டாகக் கட்டி முன்வைத்து, கேமரா முன்னால் கைதட்டச் சொன்னார்கள். 2030ஐ மறுக்காமல் 2034ஐ மறுக்க வழியில்லை. திரை முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களில் சங்கத் தலைவர்கள் தட்டினார்கள். நார்வே மட்டும், இந்த நடைமுறைக்குத் தனது ஆட்சேபத்தைக் குறிப்பேட்டில் பதிவு செய்யுமாறு எழுத்தில் கேட்டுக்கொண்டது.