ஒன்பது மணிக்கு இறங்கிய பாரம்

2020 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா ஊரடங்குக் காலம். இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு அகல் ஏற்றச் சொல்லியிருந்தார் பிரதமர். உங்களில் பலர் அப்போது குட்டிக் குழந்தைகள். அம்மா அப்பாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

விளக்கை அணைத்தால் மின்சாரம் மிச்சம்தானே, இதில் என்ன சிக்கல்?

சைக்கிளில் டபுள்ஸ் போயிருக்கிறீர்களா? மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருக்கும்போது, கேரியரில் இருப்பவன் சொல்லாமல் குதித்துவிட்டால் சைக்கிள் குபீரென்று முன்னால் எகிறும். ஜெனரேட்டரும் அப்படித்தான். நாம் போடும் ஒவ்வொரு விளக்கும் அதன் கேரியரில் ஏறிய பாரம். நாட்டின் பெரிய ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே மின்தொகுப்பில், ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. நொடிக்கு 50 அதிர்வு, அதாவது 50 ஹெர்ட்ஸ். பாரம் கூடினால் தாளம் தளரும், குறைந்தால் எகிறும். ரொம்பத் தப்பினால் இயந்திரங்கள் தங்களைக் காத்துக்கொள்ளத் தொகுப்பிலிருந்து கழன்றுவிடும்.

வேகத்தைப் பார்த்து நீராவியையோ தண்ணீரையோ கூட்டிக் குறைக்க ஜெனரேட்டரில் ஒரு கருவி உண்டு. பெயர் கவர்னர். (கிண்டியில் இருப்பவர் அல்ல!) சின்ன ஏற்ற இறக்கத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். நாடே ஒரே நேரத்தில் சுவிட்சைத் தட்டினால்?

டெல்லியில் தேசிய லோடு டெஸ்பாட்ச் சென்டர் இருக்கிறது. நாடு முழுவதற்குமான மின்சார வரவு செலவைக் கவனிக்கும் இடம். எந்த நிலையம் மலிவாகத் தருகிறதோ அதை முதலில் ஓட்டு என்பதுதான் வழக்கமான கணக்கு. அன்று விலையைவிட வேகம் முக்கியமாகிவிட்டது. அனல்மின் நிலையத்துக் கொதிகலன் எருமை மாதிரி, அவசரப்படுத்த முடியாது. நீர்மின் நிலையத்திலோ தண்ணீர் வரும் வழியைக் குறுக்கினால் போதும், உற்பத்தி சட்டென்று இறங்கும். ஆகவே மாலையில் அணை நீரை மிச்சம் பிடித்தார்கள். ஒன்பது மணி நெருங்கும்போது அனலைக் குறைத்து நீர்மின்சாரத்தைக் கூட்டினார்கள். குறைப்பதற்காகவே கூட்டியது! எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.

12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். குறைந்ததோ ஏறக்குறைய 31,000. கூடங்குளத்து அணு உலை ஒன்றின் திறன் 1,000 மெகாவாட். அப்படி 31 உலைகளின் பாரம் அரை மணி நேரத்துக்குள் கேரியரிலிருந்து குதித்துவிட்டது. நீர்மின் நிலையங்கள் மட்டுமே 17,500 மெகாவாட் அளவுக்கு இறங்கிக்கொடுத்தன. ஒன்பது நிமிடம் முடிந்ததும் மறுபடி ஏற வேண்டும், அதுவும் அதே வேகத்தில்.

இத்தனைக்கும் நடுவில் அதிர்வெண் 49.70 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகவில்லை, 50.26-ஐத் தாண்டவும் இல்லை. உங்கள் வீட்டு மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

மின்வாரியத்தில் வேலை பார்க்கும் மாமாவோ சித்தியோ உங்களுக்கு இருந்தால், அந்த ஒன்பது நிமிடமும் எங்கே இருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.