ஒரே பலகையில் இரண்டு எழுத்துகள்: வரைகலை கற்கத் தொடங்குவோர்க்கு

ஐந்நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் அதன் மதிப்பு பதினைந்து மொழிகளில் அச்சிடப்பட்டிருக்கிறது. அம்மொழிகள் ஆங்கிலப் பெயர்களின் அகரவரிசையில் நிற்பதால், தமிழும் தெலுங்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்கு இந்த அண்டைமை புதிதன்று. நகரி, புத்தூர், சத்தியவேடு போன்ற ஊர்களில் தெலுங்கு மட்டும் படிப்போரும் தமிழ் மட்டும் படிப்போரும் ஒரே கடையில் பொருள் வாங்குகின்றனர். அக்கடையின் பலகையையும் விலைப்பட்டியலையும் பொட்டலச் சீட்டையும் வடிவமைப்பவர் இருவருக்கும் கடமைப்பட்டவர்.

இவ்வட்டாரத்தில் வரைகலையைத் தொழிலாகக் கற்க விரும்பும் இளைஞர்களும், தம் கடைக்குத் தாமே விளம்பரம் செய்துகொள்ள விரும்பும் சிறு வணிகர்களும் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த மென்பொருளைக் கற்பது என்பதையே. அக்கேள்வியைச் சற்றுத் தள்ளிவைக்கலாம் என்பது நம் கருத்து. இங்க்ஸ்கேப், கிம்ப் ஆகியன இலவசமாகக் கிடைக்கின்றன. கேன்வா கைப்பேசியிலேயே இயங்குகிறது. அச்சகங்களில் கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் வழக்கில் உள்ளன. எதைக் கற்றாலும் சில வாரங்களில் கை பழகிவிடும். யார் படிக்கப் போகிறார், அவர் கண்ணில் முதலில் எது பட வேண்டும் என்று தீர்மானிக்கும் பழக்கத்திற்கே நாட்கள் பிடிக்கும்.

அதற்கான முதற்பாடநூல் நம் பணப்பையிலேயே இருக்கிறது. ஐந்நூறு ரூபாய்த் தாளை ஒரு கணம் மட்டும் பார்த்துவிட்டுக் கண்களை மூடினால், காந்தியடிகளின் முகமும் 500 என்னும் எண்ணும் சாம்பல் நிறமும் நினைவில் நிற்கும். ஆளுநரின் உறுதிமொழியோ கையொப்பமோ நிற்பதில்லை. தேடும்போது கிடைத்தால் போதும் என்று அவை சிறிதாக வைக்கப்பட்டுள்ளன. இப்போதைய வரிசையில் 100, 200, 500 ரூபாய்த் தாள்கள் அனைத்தும் 66 மில்லிமீட்டர் அகலம் உடையவை. நீளம் மட்டும் முறையே 142, 146, 150 மில்லிமீட்டர் என ஏறுகிறது. நிறமோ இளஊதா, பளிச்சென்ற மஞ்சள், சாம்பல் என வேறுபடுகிறது. நூறு ரூபாய்த் தாளில் மேடாக அச்சிட்ட முக்கோணமும் ஓரத்தில் நான்கு கோடுகளும், ஐந்நூறு ரூபாய்த் தாளில் வட்டமும் ஐந்து கோடுகளும் உள்ளன. பார்வையற்றவர் விரலால் படிப்பதற்காக அமைந்தவை அவை. அளவு, நிறம், இடம், வடிவம் என்னும் நான்கு கருவிகளும் ஒரு தாளில் தத்தம் வேலையைச் செய்வதை இங்கே காணலாம்.

இனி, இரண்டு எழுத்துகளுக்கு வருவோம். தெலுங்கு எழுத்துகள் வட்டமானவை. மேலே தலைக்கட்டும், கீழே ஒத்து எனப்படும் அடியெழுத்தும் கொண்டவை. ஆகவே வரிகளுக்கிடையே கூடுதல் இடம் விடாவிட்டால், மேல்வரியின் ஒத்து கீழ்வரியின் தலைக்கட்டில் மோதும். தமிழின் சிக்கல் வேறு. அதன் சொற்கள் நீளமானவை. பலகையின் அகலத்தில் அடங்காத தமிழ்ச் சொல்லைப் பக்கவாட்டில் நெருக்கி ஒடுக்கிவிடும் வழக்கம் பல அச்சகங்களில் உள்ளது. அவ்வாறு செய்தால் ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபட்டுத் தொலைவிலிருந்து கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். எழுத்தின் அளவைக் குறைப்பதோ, இரண்டு வரிகளாகப் பிரிப்பதோ மேல். பிரிக்கும்போது புள்ளி வைத்த மெய்யெழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வந்துவிடக் கூடாது. எழுத்துகளை அகல விரித்து வைப்பதும் தமிழுக்கு ஆகாது. 'கொ' என்பதன் மூன்று உறுப்புகள் மூன்று தனி எழுத்துகளைப் போல விலகி நிற்கும்.

மற்றொன்று: இரு மொழிகளுக்கும் மென்பொருளில் ஒரே அளவெண்ணைக் கொடுத்தால் அவை கண்ணுக்கு ஒரே அளவாகத் தோன்றுவதில்லை. ஒன்றைச் சற்றே ஏற்றியோ இறக்கியோ கண்ணால் சமன்செய்ய வேண்டும். ஃபிளெக்ஸ் வருமுன் தூரிகையால் பலகை எழுதிய ஓவியர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். சுண்ணக்கட்டியால் கோடிட்டு, முழுச் சொல்லும் எவ்வளவு இடம் கொள்ளும் என்று அளந்த பின்னரே அவர்கள் வண்ணத்தைத் தொடுவர். அவர்கள் எழுதிய பழைய பலகைகள் இன்னும் சில தெருக்களில் எஞ்சியுள்ளன. கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு பார்த்துப் பழகத் தக்கவை அவை.

இரண்டு எழுத்துமுறைகளை ஒரே இடத்தில் குடியமர்த்தும் கலைக்கு நாடறிந்த எடுத்துக்காட்டு நமது ரூபாய்க் குறியீடு. கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார், மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையத்தில் தமிழ் அச்செழுத்தியலை ஆய்வு செய்தவர். அவர் வரைந்த குறியீட்டை மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. தேவநாகரியின் 'ர' எழுத்தும், நிமிர்கோடு நீக்கப்பட்ட ஆங்கில 'ஆர்' எழுத்தும் அதில் ஒன்றாகின்றன. மேலுள்ள கோடு தேவநாகரிக்கு உரியது. அதனுடன் இணைகோடாக நிற்கும் இரண்டாம் கோடு, அது பணத்தின் குறி என்பதைக் காட்டுகிறது. வங்கிச் சீட்டில் மிகச் சிறிதாக அச்சிட்டாலும் அக்குறி கலங்குவதில்லை. தம் கடைக்குச் சின்னம் வரைவோர் அதனைக் கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது நலம். அங்கே தெளியாத சின்னம் பொட்டலத்தின் மீதும் தெளியாது.

திருப்பதிக்கு அருகிலுள்ள ஸ்ரீகாளஹஸ்தியில் இன்னொரு பள்ளி உண்டு; அதன் பெயர் கலம்காரி. மசூலிப்பட்டின மரபில் துணியின்மீது மரஅச்சு பதிப்பர். ஸ்ரீகாளஹஸ்தியிலோ மூங்கில் எழுதுகோலால் கையாலேயே வரைவர். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கிறது. புளியங்குச்சிக் கரியால் உருவங்களைக் குறித்தபின், துரும்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த நீரால் கறுப்புக் கோடுகளை இழுப்பர். அந்நீர் துணியிலுள்ள கடுக்காயைச் சந்திக்கும்போதுதான் முழுக்கருமை பெறும். சிவப்பும் மஞ்சளும் நீலமும் அதற்குப் பின்னரே வரும். இழுத்த கறுப்புக் கோட்டை அழிக்க முடியாது. ஆதலால் முழு அமைப்பும் கரிக்கோட்டிலேயே முடிவாகிவிட வேண்டும். பெரிய தொங்குதிரைகளில் நடுவே முதன்மைத் தெய்வம் பெரிதாகவும், சுற்றிலும் கதைநிகழ்ச்சிகள் சிறு கட்டங்களாகவும், அவற்றின் ஓரத்தில் தெலுங்கு விளக்கவரிகளும் அமையும். வரைகலை வகுப்பில் படிநிலை, கட்டமைப்பு என்று கற்பிப்பவை அத்துணியில் கண்கூடு. கணினியில் எதையும் மாற்றலாம் என்னும் வசதி புதியவர்களைத் தொடக்கத்திலேயே வண்ணத்திற்கு இழுத்துவிடுகிறது. முதல் சில பயிற்சிகளைக் கறுப்பு வெள்ளையிலேயே முடிப்பது நன்று.

பயிற்சிக்கு உரிய பொருளும் இங்கேயே உண்டு. சித்தூரின் கிளிமூக்கு மாங்காயில் ஊறுகாய் செய்து, வேலூருக்கும் சென்னைக்கும் அனுப்ப நினைக்கும் ஒரு மகளிர் குழுவுக்குப் புட்டிச் சீட்டு வரைவதாகக் கொள்வோம். உணவுப் பொருளின் சீட்டில் உரிய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருப்பது சட்டப்படி கட்டாயம். வேறு மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம். எனவே சீட்டில் மூன்று எழுத்துமுறைகள் வந்துவிடும். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமான சைவக்குறி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், நிகர எடை, விலை, சேர்பொருள்கள், தயாரித்த நாள், முகவரி ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும். இவை அனைத்தையும் ஒரே அளவில் நிரப்பிவிட்டு, எஞ்சிய மூலையில் மாம்பழப் படத்தை ஒட்டுவது புதியவர்கள் செல்லும் வழி. பொருளின் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் பெரிதாக முன்புறம் வைத்து, மற்ற விவரங்களுள் பின்புறம் செல்லத்தக்கவற்றை அங்கு ஒழுங்காக அடுக்கினால், அலமாரிக்கு முன் நிற்பவர் இரண்டடி தள்ளி நின்றே பொருளை அறிவார். வெற்றிடம் வீண் என்று எண்ண வேண்டா. பெயரைத் தாங்கி நிற்பது அதுவே.

அச்சுக்கு அனுப்புமுன் கவனிக்க வேண்டியவை சில. திரையின் வண்ணம் ஒளியால் ஆனது, அச்சின் வண்ணம் மையால் ஆனது. திரையில் பளிச்சிடும் பச்சை தாளில் மங்கும். படங்கள் அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில் இருக்கட்டும். வெட்டும் ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுவது வழக்கம். எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றி அனுப்பினால், அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோதும் தமிழ் சிதையாது. மாற்றுவதற்கு முன் மெய்ப்பை இரு மொழியும் அறிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். ஆயிரம் சீட்டு அச்சான பின் தெரியவரும் எழுத்துப்பிழை, சிறு குழுவின் அம்மாத இலாபத்தையே விழுங்கிவிடக்கூடும்.

கடைமேசையில் வைக்கும் கியூஆர் அட்டையும் ஒரு வடிவமைப்பே. வெளிர்ப் பின்னணியில் அடர்ந்த கட்டங்கள், நாற்புறமும் குறைந்தது நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் என்பன அதன் விதிகள். அழகுக்காகச் சுற்றிலும் கொடியும் பூவும் நெருக்கினால் கைப்பேசி தடுமாறும். அருகில் கடையின் பெயரைப் பெரிதாக அச்சிடுங்கள். பணம் செலுத்துவோர் திரையில் தோன்றும் பெயருடன் அதை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மோசடிக்காரர் தம் குறியீட்டை மேலே ஒட்டிவிட்டாலும் வேறுபாடு உடனே புலப்படும்.

வீட்டிலிருந்தே கற்க விரும்புவோர்க்கு மும்பை ஐ.ஐ.டி. வடிவமைப்பு மையம் முன்னின்று நடத்தும் டி'சோர்ஸ் இணையதளமும், மத்திய அரசின் ஸ்வயம் தளமும் கட்டணமின்றிப் பாடங்களை வழங்குகின்றன. கற்றபின் கணினியும் அச்சுப்பொறியும் வாங்கிச் சிறு வடிவமைப்பகம் தொடங்க எண்ணினால், பிரதம மந்திரி முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 இலட்சம் ரூபாய் வரையும் பிணையின்றிக் கடன் பெறலாம். வரைகலை சேவைத் தொழிலாகையால் இத்திட்டத்துக்குள் வரும். கிளைக்கு வரும்போது ஆதார், பான் அட்டைகளோடு, வாங்கவிருக்கும் பொருள்களின் விலைப்புள்ளியையும், இதுவரை வரைந்தவற்றுள் சிறந்த நான்கைந்து மாதிரிகளையும் எடுத்து வாருங்கள்.