தமிழ் இடைமுக வடிவமைப்பு

தமிழ் இடைமுக வடிவமைப்பு என்பது இணையத்தளம், கைபேசிச் செயலி ஆகியவற்றின் திரைகளைத் தமிழில் படித்துப் பயன்படுத்துவோருக்கு ஏற்ப அமைக்கும் கலையாகும். பொத்தான், பட்டியல், படிவம், எழுத்துரு, வண்ணம், படக்குறி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே இடைமுகம்.

பல செயலிகள் ஆங்கிலத்தில் வடிவமைக்கப்பட்டுப் பின்னர் தமிழாக்கப்படுகின்றன. அப்போது சொற்கள் பொத்தானுக்குள் அடங்காமல் வெட்டுப்படுகின்றன. வரிகள் நெருங்கினால் மேலுள்ள புள்ளி மறைகிறது. புள்ளி மறைந்தால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். இத்தகைய படிவத்தைப் புரிந்துகொள்ள இயலாத ஒருவர் தம் வங்கி விவரத்தையும் ரகசிய எண்ணையும் பிறரிடம் கொடுத்து நிரப்பச் சொல்ல நேர்கிறது. ஆகவே இது அழகை மட்டும் சார்ந்ததன்று. பயனரின் பாதுகாப்பையும் சார்ந்தது.

அச்சுக்கலை தரும் பாடம்

எழுத்தைச் சிறிய பரப்பில் அடக்கும் சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. தமிழில் அச்சான தொடக்ககால நூலான தம்பிரான் வணக்கம் 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அது 16 பக்கங்கள் கொண்டது. பின்னாளில் கொல்லமும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியும் ஒரே திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தன. நாகர்கோவிலில் லண்டன் மிஷன் சங்கத்தின் அச்சகம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இயங்கியது.

தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த அச்செழுத்துகள் அளவில் பெரியவை. அவற்றால் தாள் மிகுதியாகச் செலவானது. எனவே சிறிய எழுத்துகள் உள்ளூரிலேயே வார்க்கப்பட்டன. பெரியார் 1935இல் குடிஅரசு இதழில் சில எழுத்துகளின் வடிவத்தை எளிமையாக்கினார். தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. கருவி மாறும்போது எழுத்தின் வடிவத்தையும் அளவையும் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

எழுத்தும் கணினிக் குறியும்

நாம் எண்ணும் எழுத்தும் கணினி எண்ணும் குறியும் ஒன்றல்ல. 'நாகர்கோவில்' என்னும் சொல்லில் நா, க, ர், கோ, வி, ல் என 6 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் இது 11 குறிகளாகப் பதிவாகிறது. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். இதனால் மூன்று விளைவுகள் ஏற்படுகின்றன.

முதலாவது, 'பத்து எழுத்துக்கு மேல் கூடாது' என்று படிவம் வரையறுத்தால் நாகர்கோவில் என்ற ஊர்ப்பெயரே அதில் நுழையாது. இரண்டாவது, பயனரின் படம் இல்லாதபோது வட்டத்துக்குள் பெயரின் முதலெழுத்தைக் காட்டும் செயலி, 'பிச்சை' என்ற பெயருக்குப் 'பி' என்று காட்டாமல் 'ப' என்று காட்டிவிடும். மூன்றாவது, ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலமானால் 160 குறிகள் அடங்கும். தமிழானால் 70 மட்டுமே. ஆகவே தமிழ் அறிவிப்புகள் சுருக்கமாக இருக்க வேண்டும்.

பட்டியல்களை அடுக்குவதிலும் கவனம் தேவை. ஒருங்குறி எண்ணின்படி அடுக்கினால் 'ந'வை அடுத்து 'ன' வந்துவிடும். நமது நெடுங்கணக்கில் 'ன' கடைசி மெய்.

அளவும் இடைவெளியும்

'கி', 'கீ' போன்றவை மேலே உயர்கின்றன. 'யூ', 'பூ', 'மு' போன்றவை கீழே இறங்குகின்றன. எனவே ஆங்கிலத்துக்குப் போதுமான வரி உயரம் தமிழுக்குப் போதாமல் போகலாம். எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்கு வரி உயரத்தில் தொடங்கி, பார்த்துத் திருத்துவது நல்லது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. ஆகவே தலைப்பை வேறுபடுத்த அளவு, தடிப்பு, வண்ணம் ஆகியவற்றையே நம்ப வேண்டும். மிகத் தடித்த எழுத்துருவைச் சிறிய அளவில் இட்டால் 'ண', 'ஞ' ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும்.

விரலால் தொடும் பொத்தானுக்கு ஆண்ட்ராய்டு நெறிமுறை 48 அலகும் ஆப்பிள் நெறிமுறை 44 அலகும் பரிந்துரைக்கின்றன. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கின்றன இணைய அணுகல் நெறிகள். வெயிலில் நின்று கைபேசி பார்ப்பவருக்கும் முதியவருக்கும் இது பெரிதும் உதவும்.

சொல்லும் பெயரும்

'சேமி', 'அனுப்பு' என்பவை குறுகியவை. ஆனால் சிலருக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றும். 'சேமிக்கவும்', 'அனுப்பவும்' என்பவை பணிவானவை, ஆனால் நீளமானவை. எதைத் தேர்ந்தாலும் செயலி முழுவதும் ஒரே வழக்கைப் பின்பற்ற வேண்டும். முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டையும் கட்டாயமாகக் கேட்கும் படிவம், தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னொட்டாக எழுதும் நம் வழக்கத்துக்குப் பொருந்தாது. 'முழுப்பெயர்' என்று ஒரே கட்டம் கொடுப்பது எளிது.

அன்றாட முன்மாதிரிகள்

டிரிபிள், பிஹான்ஸ் போன்ற தளங்களில் வடிவமைப்பாளர்கள் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கின்றனர். வண்ணச் சேர்க்கை, திரை அமைப்பு ஆகியவற்றை அங்கே கற்கலாம். ஆனால் அங்குள்ள மாதிரிகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தைக் கொண்டவை.

தமிழ் மாதிரிகளை நம்மைச் சுற்றியே காணலாம். தினசரி நாள்காட்டியில் தேதி மிகப் பெரிதாகவும், கிழமை அடுத்த அளவிலும், நல்ல நேரமும் ராகு காலமும் சிறிதாகவும் இருக்கும். எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதை அளவே சொல்லிவிடுகிறது. பேருந்தின் பெயர்ப்பலகையில் சேரும் ஊர் பெரிதாகவும் வழி ஊர்கள் சிறிதாகவும் இருப்பதும் அவ்வாறே. வடசேரிப் பேருந்து நிலையத்தில் நிற்பவர் அதை ஒரு நொடியில் படித்தாக வேண்டும். நல்ல செயலித் திரைக்கும் அதே அளவுகோல் பொருந்தும்.

வளங்கள்

எழுத்துருக்கள்: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரான், இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த பவனம் ஆகியவை கூகுள் எழுத்துருத் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

விசைப்பலகை: 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்ட தமிழ்99 அமைப்பு; மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம்.

நெறிமுறைகள்: டபிள்யூ3சி அமைப்பின் தமிழ் எழுத்தமைவு குறித்த ஆவணங்கள், இந்திய அரசு இணையத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள்.

சொற்களும் வரிசையும்: விக்கிப்பீடியாவின் இடைமுகம் தன்னார்வலர்களால் தமிழாக்கப்படும் டிரான்ஸ்லேட்விக்கி தளம்; தமிழ் அகரவரிசையையும் தேதி வடிவங்களையும் தரும் ஒருங்குறி அமைப்பின் சிஎல்டிஆர் தொகுப்பு.

வரைகருவிகள்: பிக்மா, திறமூல மென்பொருளான பென்பாட்.

சோதித்தல்

திரையை வெளியிடுமுன் உண்மையான தமிழ்ச் சொற்களை இட்டுப் பார்க்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்ட ஊர்ப்பெயர்களே நல்ல சோதனைச் சொற்கள். 'அகஸ்தீஸ்வரம்' கிரந்த எழுத்தையும் நீளத்தையும் சோதிக்கும். 'விளவங்கோடு' இருபுறமும் குறி பெறும் 'கோ'வைச் சோதிக்கும். 'கிள்ளியூர்', 'பூதப்பாண்டி' ஆகியவை மேலும் கீழும் இடம் போதுமா என்று காட்டும். இவற்றை விலை குறைந்த கைபேசியிலும், எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்த கைபேசியிலும் பார்க்க வேண்டும். பின்னர் அச்செயலியை முன்பு பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, எதுவும் சொல்லாமல் கவனிக்க வேண்டும். அவர் யாரையும் கேட்காமல் படிவத்தை நிரப்பி முடித்தால் வடிவமைப்பு தன் வேலையைச் செய்துவிட்டது எனக் கொள்ளலாம்.