சென்னை பெயரில் ஒரு வியாதி! தசையைக் கரைக்கும் நோய்க்கு மருந்து வருமா?

பவானி ஜமக்காளம் பேர் பெற்றது. அகலமான ஜமக்காளத்தை ஒரே ஆள் நெய்ய முடியாது. தறியில் இரண்டு பேர் அமர வேண்டும். ஒருவர் நாடாவைத் தள்ளுவார். மற்றவர் அதை வாங்கித் திருப்பித் தள்ளுவார். ஒருவர் கை நின்றால் மற்றவர் வேலையும் நின்று போகும்.

மருத்துவ உலகத்திலும் அப்படி ஒரு வேலை நடந்து வருகிறது. ஒரு டாக்டரால் முடியாது. ஓர் ஆஸ்பத்திரியால் முடியாது. ஏன், ஒரு நாட்டால் கூட முடியாது. பலர் சேர்ந்தால்தான் முடியும்.

"ஏ.எல்.எஸ்." என்ற கொடிய நோய்க்கு மருந்து தேடும் வேலைதான் அது.

அது என்ன நோய்?

கையைத் தூக்க வேண்டும் என்று நினைக்கிறோம். உடனே கை தூக்குகிறது. எப்படி?

மூளையில் இருந்து ஒரு நரம்பு, முதுகுத்தண்டுக்குக் கட்டளையைக் கொண்டு வருகிறது. அங்கிருந்து இன்னொரு நரம்பு அதைக் கைத்தசைக்குக் கொண்டு போகிறது. இந்த இரண்டு வகை நரம்புகளின் உயிரணுக்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப் போவதுதான் ஏ.எல்.எஸ். நோய். கட்டளை வராத தசை மெலிகிறது, கரைகிறது.

முதலில் சட்டைப் பொத்தானைப் போட முடியாது. அல்லது நடக்கும்போது கால் தடுக்கும். சிலருக்குப் பேச்சு குழறும். சோறு விழுங்கும்போது புரை ஏறும். கடைசியில் மூச்சு விடும் தசையும் ஓய்ந்து விடும்.

ஆனால், பெரும்பாலோருக்கு அறிவு தெளிவாகவே இருக்கும். கண் தெரியும். மனைவி மக்கள் பேசுவது புரியும். பதில் சொல்லத்தான் நாக்கு எழாது. இந்த நோயின் பெரிய கொடுமை இதுதான்.

இது தொற்று நோய் அல்ல. யாருடைய சாபமும் அல்ல. 10 நோயாளிகளில் சுமார் ஒருவருக்குத்தான் பரம்பரையாக வருகிறது. மற்றவர்களுக்கு வரும் காரணம் இன்னும் முழுதாகத் தெரியவில்லை.

நோய் கண்ட பலர் 2 முதல் 5 ஆண்டுகளுக்குள் இறந்து விடுகிறார்கள். ஆனால் எல்லோருக்கும் அப்படி அல்ல. இங்கிலாந்து விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கிற்கு 1963-ம் ஆண்டில் இந்த நோய் என்று சொன்னார்கள். அப்போது வயது 21. "2 ஆண்டுதான்" என்று டாக்டர்கள் கெடு வைத்தார்கள். அவர் 2018-ம் ஆண்டில், 76-வது வயதில்தான் காலமானார்!

சென்னை டாக்டர்கள் கண்டது

பிரெஞ்சு டாக்டர் ஷார்கோ 1869-ம் ஆண்டிலேயே இந்த நோயைப் பற்றி எழுதினார். அவர் சொன்ன நோய் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு வருவது.

சென்னையில் டாக்டர்கள் வேறு ஒன்றைக் கண்டார்கள். வந்தவர்கள் இளைஞர்கள்; 30 வயதுகூட நிரம்பாதவர்கள். கை கால் மெலிந்திருந்தது. முகத் தசையும் நாக்கும் சோர்ந்திருந்தன. பலருக்குக் காது மந்தமாகி விட்டது. ஆனால் நோய் வேகமாகக் கொல்லவில்லை. பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள்.

மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூன்று டாக்டர்களும் 1970-ம் ஆண்டில் இதை எழுதி வெளியிட்டார்கள். (இவர்களில் டாக்டர் ராமமூர்த்திதான் 1950-ம் ஆண்டில் சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் மூளை, நரம்பு ஆபரேஷன் பிரிவைத் தொடங்கியவர்.)

இன்று உலக மருத்துவ நூல்களில் அந்த வியாதிக்குப் பெயர் என்ன தெரியுமா? "மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்!" தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரா, கேரளா ஆகிய பகுதிகளில்தான் இதை அதிகமாகக் கண்டிருக்கிறார்கள்.

36 ஆண்டில் 116 பேர்

பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற பெரிய மூளை நரம்பு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்குள்ள டாக்டர்கள் 1971 முதல் 2007 வரை, 36 ஆண்டுகள், சென்னை வியாதிக்காரர்களின் கணக்கை வைத்திருந்தார்கள். மொத்தம் எத்தனை பேர்? 116 பேர்தான்!

ஆண்டுக்கு மூன்று, நான்கு பேர். இதை வைத்துக்கொண்டு ஒரு மருந்தை எப்படிச் சோதித்துப் பார்ப்பது? காரணத்தைத்தான் எப்படிக் கண்டுபிடிப்பது? ஓர் ஊரில் உள்ள டாக்டர் மற்ற ஊர் டாக்டரிடம் கை நீட்டியே ஆக வேண்டும்.

அப்படித்தான் பெங்களூரும் லண்டனும் கை கோத்தன.

ஐரோப்பாவில் இதே போன்ற ஒரு நோய் உண்டு. அதிலும் காது கேட்காது. முகமும் நாக்கும் சோரும். உடலில் பி-2 வைட்டமினை ஏற்றிச் செல்லும் ஜீனில் உள்ள குறையே அந்த நோய்க்குக் காரணம் என்று 2010-ம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். அந்த வைட்டமினை அதிக அளவில் கொடுத்ததும் பல நோயாளிகள் தேறினார்கள்!

"அப்படியானால் சென்னை வியாதியும் வைட்டமினால் தீருமா?" என்று டாக்டர்களுக்கு ஆசை பிறந்தது. பெங்களூர் டாக்டர் நளினியும் அவருடைய குழுவும், லண்டன் டாக்டர் ஹோல்டன் குழுவுடன் சேர்ந்து, நோயாளிகளின் ஜீன்களைச் சோதித்தார்கள். 2013-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது.

அந்தக் குறை இவர்களிடம் இல்லை! சென்னை வியாதி தனி வியாதி.

ஏமாற்றம்தான். ஆனால் வீண் அல்ல. ஒரு வழி இல்லை என்று தெரிந்தால்தான் அடுத்த வழியில் தேட முடியும்.

வெற்றியும் தோல்வியும்

ஏ.எல்.எஸ். நோய்க்கு முதல் மருந்து "ரிலுசோல்". அமெரிக்காவில் 1995-ம் ஆண்டில் அனுமதி கிடைத்தது. இந்தியாவிலும் விற்கிறது. இது நோயைக் குணமாக்காது. சோதனையில் சில மாத ஆயுளைக் கூட்டியது; அவ்வளவுதான்.

2014-ம் ஆண்டில் ஒரு வேடிக்கை நடந்தது. ஐஸ் தண்ணீரை வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஏ.எல்.எஸ். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தார்கள். அமெரிக்காவில் ஒரு சங்கத்துக்கு மட்டும் 11 கோடியே 50 லட்சம் டாலர் சேர்ந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி, பல நாட்டு நோயாளிகளின் ஜீன்களை ஆராயும் கூட்டு முயற்சிக்குப் போனது. 2016-ம் ஆண்டில் "நெக்-1" என்ற ஜீனுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது.

இன்னொரு ஜீனின் கதை இதைவிட முக்கியமானது. அதன் பெயர் "சாட்-1". அதில் உள்ள கோளாறு நோயை உண்டாக்குகிறது என்று 1993-ம் ஆண்டில் கண்டார்கள். அந்தக் கோளாறைக் குறி வைக்கும் "டோஃபர்சன்" மருந்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 2023-ம் ஆண்டில். நடுவே 30 ஆண்டுகள்! மருந்தை முதுகுத்தண்டு நீரில் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். 100 நோயாளிகளில் சுமார் 2 பேருக்குத்தான் இந்த ஜீன் கோளாறு உண்டு. அவர்களில் சிலருக்கு நோயின் வேகம் குறைந்திருக்கிறது.

தோல்வியும் உண்டு. 2022-ம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு புது மருந்தை, பிறகு 664 நோயாளிகளிடம் சோதித்தார்கள். பலன் இல்லை. 2024-ம் ஆண்டில் மருந்துக் கம்பெனியே அதைக் கடைகளில் இருந்து திரும்பப் பெற்றது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர டாக்டர்கள் 2020-ம் ஆண்டில் ஒரு புது ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனிச் சோதனை நடத்தாமல், பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து பல மருந்துகளை ஒரே சமயத்தில் சோதிக்கும் ஏற்பாடு அது. பலன் இல்லாத மருந்து சீக்கிரம் விலகும். அடுத்த மருந்து உள்ளே வரும். காத்திருக்க நேரம் இல்லாத நோயாளிகளுக்கு இது பெரிய உதவி.

காசு பறிப்பவர்கள்

நோய்க்கு முழு மருந்து இல்லை என்றதும் சிலர் கடை விரித்து விடுகிறார்கள். "ஸ்டெம்செல் ஊசி போட்டால் குணம்" என்று சொல்லி லட்சக்கணக்கில் பணம் கேட்கிறார்கள். நம்பி நிலத்தை விற்காதீர்கள்!

சில ரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர, மற்ற நோய்களுக்கு ஸ்டெம்செல்லை அனுமதி பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ம் ஆண்டில் நெறிமுறை வகுத்தது. உண்மையான ஆராய்ச்சியில் மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைக்கு அரசுப் பதிவேட்டில் எண் இருக்க வேண்டும். "பதிவு எண் என்ன?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க!

கை மெலிந்தால் அது ஏ.எல்.எஸ். என்று பயந்து விட வேண்டாம். கழுத்து எலும்புத் தேய்மானத்தாலும் கை சோரும். இளைஞர்களுக்கு ஒரு கை மட்டும் மெலிந்து, சில ஆண்டுகளில் தானாக நின்று விடும் நோயும் உண்டு. எது என்று நரம்பு டாக்டர்தான் சொல்ல வேண்டும். பவானிக்காரர்களுக்குக் கோவை தூரம் அல்ல. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே நரம்புப் பிரிவு இருக்கிறது.

நோய் உறுதியானால், செய்ய ஒன்றும் இல்லை என்று கை விரிக்காதீர்கள். இரவில் முகமூடி மூலம் காற்றுத் தரும் கருவி ஆயுளை நீட்டுகிறது. விழுங்க முடியாதவர்களுக்கு வயிற்றில் குழாய் வைத்து உணவு கொடுக்கலாம். பேச முடியாதவர்கள் எழுத்துப் பலகையைக் காட்டிப் பேசலாம். 2021-ம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், படுக்கையில் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்யும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் தசைப் பயிற்சியும் உண்டு.

இன்னொன்று. ஆராய்ச்சிக்காக நோயாளியின் ரத்தத்தையும் நோய் விவரத்தையும் டாக்டர் கேட்கலாம். விளக்கம் கேட்டு, புரிந்துகொண்டு, மனம் இருந்தால் கொடுங்கள். சென்னை வியாதியைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதெல்லாம் அப்படிக் கொடுத்த குடும்பங்களால்தான். அதன் காரணம் இன்னும் பிடிபடவில்லை. அதைக் காட்டிக் கொடுக்கப் போகும் ரத்தத்துளி, நம் பக்கத்து நோயாளி ஒருவருடையதாகவே இருக்கலாம்.