இரவு டூட்டியின் கணக்கு

மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் வரும் செவிலியரைப் பத்து நிமிடம் கவனித்துப் பார்த்தால் போதும். கேஸ் ஷீட்டைப் புரட்டி, மருந்தின் பெயரையும் அளவையும் சரிபார்த்து, சிரிஞ்சில் ஏற்றத் தொடங்கும் நேரத்தில் ஆறாம் கட்டிலிலிருந்து ஒரு குரல் வரும்: “சிஸ்டர், டிரிப் முடிஞ்சிருச்சு, ரத்தம் மேல ஏறுது.” ஓடிப்போய் அதை நிறுத்திவிட்டுத் திரும்பினால், டூட்டி டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட் எங்கே என்பார். அதற்குள் போன் அடிக்கும். புது அட்மிஷன் ஸ்ட்ரெச்சரில் வந்து வாசலில் நிற்கும். பாதி ஏற்றிய சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கட்டிலுக்கு, எவ்வளவு என்று மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

இந்தக் குறுக்கீடுகளின் விலை என்ன என்பதைச் சிட்னியில் கணக்கெடுத்திருக்கிறார்கள். இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் மருந்து கொடுப்பதை ஆய்வாளர்கள் அருகில் நின்று பதிவு செய்தார்கள். 2010-இல் முடிவு வெளியானது. குறுக்கீடு ஒவ்வொன்றுக்கும் நடைமுறைப் பிழைகள் 12.1 சதவீதம் கூடின. தவறான மருந்து, தவறான அளவு போன்ற சிகிச்சைப் பிழைகள் 12.7 சதவீதம் கூடின. ‘கவனமில்லாம ஊசி போட்டுட்டாங்க’ என்று நாம் ஒரு வரியில் முடித்துவிடும் சம்பவங்களில் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஓர் இரவு இருந்திருக்கும்.

ஆறாம் கட்டிலிலிருந்து குரல் கொடுக்கும் நோயாளியின் மகன் ஏன் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பவரையே கூப்பிடுகிறான்? கூப்பிட வேறு ஆள் இல்லை. மருத்துவமனை ஊழியர்களின் மன அழுத்தம் பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை பேர்?

அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் என்ற செவிலியர்துறை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களிடம் கேட்டறிந்தவற்றையும், இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை நோயாளிகளின் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலானால், 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்ந்தது. அதே ஒரு நோயாளி கூடும்போது செவிலியர் மனம் சோர்ந்து வெறுமையடையும் வாய்ப்பு 23 சதவீதம் உயர்ந்தது. 2002-இல் வெளிவந்த இந்த ஆய்வில் மனத்தில் நிற்பது இந்த இரண்டு எண்களும் ஒரே காரணத்திலிருந்து கிளம்புவதுதான். செவிலியரைத் தேய்க்கும் வார்டு நோயாளியையும் தேய்க்கிறது.

இந்தியாவில் இதற்கு நெறிமுறை இல்லாமல் இல்லை. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்கிறது இந்திய செவிலியர் கவுன்சில். விடுப்பில் போகிறவர்களை ஈடுகட்ட 30 சதவீதம் பேர் கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் நாற்பது, ஐம்பது நோயாளிகள் படுத்திருக்கும் வார்டை இரவில் ஒருவரோ இருவரோ பார்த்துக்கொள்வது நம் அரசு மருத்துவமனைகளுக்குப் போய்வந்த யாருக்கும் புதிய காட்சியல்ல. அந்த 30 சதவீதம் இல்லாதபோது நடப்பது வெளியே தெரிவதில்லை. ஒருவர் பேறுகால விடுப்பில் போனால் அவருடைய இரவுகள் மற்றவர்களின் தலையில் பிரிந்து விழும். அண்ணன் மகளின் காதுகுத்துக்கு லீவு கேட்டால், “உன் டூட்டியை யார் பார்ப்பா? மாத்திக்கிட்டுப் போ” என்ற பதில் வரும். தனக்குப் பதில் ஆள் தேடுவதும் அவர் வேலையாகிவிடுகிறது.

வேலை அதிகமாக இருப்பது மட்டுமே மனிதரை உடைத்துவிடாது. 1979-இல் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் வேலை அழுத்தத்துக்கு ஒரு விளக்கம் தந்தார். பளு அதிகம், ஆனால் எதை எப்போது எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவு. இரண்டும் சேருமிடத்தில்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது என்றார் அவர். மூத்த அறுவை சிகிச்சை நிபுணரும் நாள் முழுக்க நின்றபடி உழைக்கிறார். ஆனால் அடுத்த அறுவையை எப்போது தொடங்குவது என்று அவர் சொல்ல முடியும். ஒப்பந்தத்தில் இருக்கும் தூய்மைப் பணியாளருக்கு அந்த வசதி கிடையாது. சூப்பர்வைசர் ஒரு பக்கம் கூப்பிடுவார், சிஸ்டர் இன்னொரு பக்கம், நோயாளியின் வீட்டார் மூன்றாவது பக்கம். யார் சொன்னதை முதலில் செய்தாலும் மற்ற இருவரிடம் பேச்சு வாங்க வேண்டும். மருத்துவமனையின் மனநலம் பற்றிய கூட்டங்களில் இவர்களுக்கு நாற்காலி போடப்படுவதே அபூர்வம்.

ஜெர்மனியில் பணியாற்றிய சமூகவியலாளர் யோகன்னஸ் சீக்ரிஸ்ட் 1996-இல் இன்னொரு கோணத்தைச் சேர்த்தார். கொடுக்கும் உழைப்புக்கும் கிடைக்கும் பலனுக்கும் இடையே உள்ள இடைவெளி உடம்பையே கெடுக்கும் என்பது அவர் கருத்து. பலன் என்று அவர் சொன்னதில் சம்பளம், மரியாதை, வேலை நிரந்தரம் மூன்றும் அடங்கும். தமிழ்நாட்டில் இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி அலைய வேண்டாம். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் தேர்வெழுதி வந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியமர்த்தப்பட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறாதபோது, 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் வந்து அமர்ந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் அதே ஊசியைப் போடும் நிரந்தரச் செவிலியர் பல மடங்கு சம்பளம் வாங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டு வேலை செய்பவரிடம், பொறுமையைப் பற்றிப் பாடம் நடத்துவது நியாயமில்லை.

மருத்துவர்களின் கதையில் முதல் வில்லன் தூக்கமின்மை. 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் ஒரு சோதனை செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் சேர்ந்து இயங்கும் திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்கு இறங்கியது. 24 மணி நேரம் விழித்திருந்தவர் ரத்தத்தில் 0.10 சதவீத மது இருப்பவருக்குச் சமமானார். இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்படும் வரம்பு 0.03 சதவீதம். பைக் சாவியைப் பிடுங்கி வைக்க வேண்டிய நிலையில் இருப்பவரின் கையில் நாம் தையல் ஊசியைக் கொடுத்திருக்கிறோம்.

அதைத் தடுக்கும் உத்தரவு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காகிதத்தில் இருக்கிறது. பயிற்சிநிலை மருத்துவர்கள் தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் பணியில் இருக்கக் கூடாது, வாரத்துக்குச் சாதாரணமாக 48 மணி நேரம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-இல் அறிவித்தது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பட்டமேற்படிப்பு மாணவி, 36 மணி நேரப் பணிக்கு நடுவே கொஞ்சம் கண்ணயரச் சென்றது ஒரு செமினார் அறைக்கு. பாதுகாப்பான ஓய்வறை அவருக்கு இருக்கவில்லை. அதே ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு மாணவர்களின் மனநலத்தை ஆராய்ந்து, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாளாவது விடுமுறை கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. 1992-இன் 48 எப்படி 2024-இல் 74 ஆனது என்பதை எண்ணிப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. எட்டிப் பிடிக்கக்கூடிய எண்ணே இப்போது அதுதான் என்று குழு நினைத்திருக்க வேண்டும்.

அடி வாங்கும் பயமும் உண்டு. மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாடு 2008-லேயே தனிச் சட்டம் கொண்டுவந்தது. அப்படியிருந்தும் 2024 நவம்பரில் சென்னை கிண்டி உயர் சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பணியிடத்திலேயே கத்தியால் குத்தப்பட்டார்.

இந்தச் சுமையை ஊழியர்கள் எப்படித் தாங்குகிறார்கள் என்பதை வெகு முன்பே கூர்மையாகப் பார்த்தவர் இசபெல் மென்சீஸ். லண்டனின் போதனா மருத்துவமனை ஒன்றில் செவிலிய மாணவியரைக் கவனித்து 1960-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. நோயும் சாவும் தரும் பதற்றத்திலிருந்து தப்பிக்க, மருத்துவமனை தன்னையறியாமல் சில பழக்கங்களை வளர்த்திருந்தது. நோயாளியைப் பெயர் சொல்லாமல் ‘பத்தாம் கட்டில் ஈரல்’ என்று குறிப்பிடுவது, ஒரு நோயாளியை முழுதாகப் பார்த்துக்கொள்ள விடாமல் வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, மாணவியரை அடிக்கடி வார்டு மாற்றுவது. தூக்க மாத்திரை கொடுப்பதற்காகத் தூங்கும் நோயாளியை எழுப்பும் அளவுக்கு விதி முக்கியமாகிவிட்டிருந்தது. இந்த ஏற்பாடு பதற்றத்தைக் குறைக்கவில்லை. நோயாளி தேறுவதைக் கண்ணாரப் பார்க்கும் மனநிறைவைத்தான் பறித்தது. மாணவியரில் மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிக்காமலே வெளியேறினார்கள். நம்மூர் ‘பன்னெண்டாம் நம்பர் பெட்’டும் அதே தற்காப்புதான். எரிந்து விழும் சிஸ்டரைப் பார்த்து, ஈவு இரக்கம் இல்லாதவர் என்று முடிவுகட்டும் முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

இப்போது பல மருத்துவமனைகளில் ஊழியர் நலன் என்ற பெயரில் யோகா வகுப்பும் தியான முகாமும் நடக்கின்றன. அவற்றில் கெடுதல் ஏதும் இல்லை. ஆனால் இரவு டூட்டி முடித்தவரைக் காலை எட்டு மணிக்குத் தியானத்துக்கு உட்கார வைப்பதைவிட, அவரை நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்புவது நல்ல வைத்தியம். அடுத்த மாத ரோஸ்டர் இரண்டு வாரம் முன்னதாகக் கையில் கிடைப்பதும், தாழ்ப்பாள் போடக்கூடிய ஓய்வறையும், சாப்பிடும் அரைமணி நேரத்துக்கு வார்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் ஊழியர் நலன்தான். இவற்றில் முதலிரண்டுக்குப் பெரிய செலவுகூடக் கிடையாது.

செலவாகும் விஷயம் ஆள் எடுப்பது. கலிபோர்னியா 1999-இல் சட்டம் இயற்றி, 2004 முதல் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று வரம்பு விதித்தபோது எழுந்த பெரிய எதிர்ப்பும் பணத்தைப் பற்றியதுதான். அதற்கான பதில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து வந்தது. அங்கே 2016-இல் 27 அரசு மருத்துவமனைகளின் வார்டுகளில் பகலில் நான்கு நோயாளிகளுக்கு ஒருவர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று சட்டம் வந்தது. 2021-இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி குறைந்தபோது இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் குறைந்தது. மறுபடி வந்து சேருகிறவர்கள் குறைந்தார்கள், படுத்திருக்கும் நாட்களும் குறைந்தன. கூடுதல் ஆட்களுக்கு ஆன செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இதில் மிச்சமானது.

நம் வீட்டு ஆளை ஒரு மருத்துவமனையில் சேர்க்கும்போது ஏ.சி. அறையா, ஸ்கேன் வசதி உண்டா, காப்பீடு எடுபடுமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். இரவில் இந்த வார்டில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை சிஸ்டர் என்பதையும் சேர்த்து விசாரிக்கலாம். பணம் கட்டும் இடத்தில் கேளுங்கள், மருத்துவ அதிகாரியிடம் கேளுங்கள், அரசு மருத்துவமனையாக இருந்தால் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். சிஸ்டரிடம் மட்டும் கேட்காதீர்கள். அந்த எண்ணை முடிவு செய்யும் உரிமை அவரிடம் இல்லை.