ரெக்கார்டு பிளேயரின் பிறந்த வீடு எது?



கேசட் வந்தது, சி.டி. வந்தது, இப்போது செல்போனிலேயே எல்லாப் பாட்டும் வந்துவிட்டது. ஆனாலும் பல வீடுகளின் பரணில் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர் தூசி படிந்து கிடக்கத்தான் செய்கிறது. "இது எந்தக் கம்பெனி, எந்த ஊர்ச் சரக்கு?" என்று கேட்டால், மூடியில் ஒட்டியிருக்கும் பெயரைப் படித்துச் சொல்லிவிடுவார்கள். ஆனால் மூடியில் இருப்பது விற்றவர் பெயராகவும் இருக்கலாம். செய்தவர் யார், எந்த நாட்டு மின்சாரத்துக்குச் செய்தார் என்பதை இயந்திரத்தைக் கேட்டால்தான் தெரியும். அதைக் கேட்க ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் கணக்கும் போதும்.

முதலில் பெயர் விஷயம். இங்கிலாந்தில் 'டான்செட்' என்ற பெட்டி பிளேயர் ஒரு காலத்தில் இளைஞர்களின் செல்லப்பிள்ளை. பெட்டிதான் டான்செட், அந்தப் பெட்டிகள் பலவற்றில் தட்டைச் சுழற்றிய இயந்திரம் பி.எஸ்.ஆர். என்ற வேறு கம்பெனியுடையது. 'தோரன்ஸ்' ஸ்விட்சர்லாந்துப் பெயர். 1957-ல் வந்த டி.டி.124 மாடல் அங்கேதான் பிறந்தது. ஆனால் 1970-களின் டி.டி.160 மாடலைத் திருப்பிப் பார்த்தால் ஜெர்மனி என்று இருக்கும். தயாரிப்பு அதற்குள் ஜெர்மனியின் லார் நகருக்குப் போய்விட்டது. 'காரர்ட்' 1915-ல் தொடங்கிய இங்கிலாந்துக் கம்பெனி. 1954-ல் வந்த அதன் 301 மாடலுக்கு இன்றும் மவுசு உண்டு. 1979-ல் அந்தக் கம்பெனி பிரேசில்காரர்கள் கைக்குப் போனது. ஆக, பெயர் ஒன்றாக இருந்தாலும் ஊர் மாறலாம்.

அடுத்தது வயசு. வேகம் மாற்றும் குமிழைப் பாருங்கள். 33⅓ சுற்று எல்.பி. தட்டு 1948-லும், 45 சுற்றுத் தட்டு 1949-லும் வந்தன. 78 மட்டுமே இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய சரக்கு. 16, 33, 45, 78 என்று நாலு வேகமும் இருந்தால் 1950-களின் நடுப்பகுதியிலிருந்து 60-கள் வரை என்று தேடலாம். முள் பொருத்தும் தலையின் பின்னால் எத்தனை ஒயர் என்று எண்ணுங்கள். ரெண்டு என்றால் மோனோ. நாலு என்றால் ஸ்டீரியோ. ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தது 1958 வாக்கில்.

மூன்றாவது திருகு. பழைய இங்கிலாந்து இயந்திரங்களில் பி.ஏ. மரை இருக்கும்; அதன் கோணம் 47½ டிகிரி. ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து சரக்கு என்றால் மெட்ரிக் மரை. கோணம் 60 டிகிரி. ஒர்க்ஷாப்பில் இருக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான்காவதுதான் முக்கியம்: மின்சாரம். நமக்கு 230 வோல்ட், 50 சைக்கிள். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 சைக்கிள். ஜப்பானில் 100 வோல்ட். கிழக்குப் பக்கம் 50 சைக்கிள், மேற்குப் பக்கம் 60. அடித்தகட்டைப் படிக்காமல் 100 வோல்ட் சரக்கை நம் பிளக்கில் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும்.

தகடு அழிந்து போயிருந்தால்? சில தட்டுகளின் ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். அவற்றை எண்ணுங்கள். 50 சைக்கிளில் நியான் விளக்கு விநாடிக்கு 100 தடவை, அதாவது நிமிடத்துக்கு 6000 தடவை மின்னும். 6000-ஐ 33⅓-ஆல் வகுத்தால் 180. 60 சைக்கிள் என்றால் 7200 தடவை, வகுத்தால் 216. 180 கோடு என்றால் 50 சைக்கிள் நாட்டுக்கு. 216 கோடு என்றால் 60 சைக்கிள் நாட்டுக்கு. வேகம் சரியாக இருந்தால் அந்த வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பிளேயர் அது. அண்ணன் இன்று இல்லை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்துத்தான் ஓட்டினார். ஆனாலும் பாட்டு இழுத்து இழுத்து வந்தது. பெண் குரல் ஆண் குரல் மாதிரி கேட்டது. பார்த்த மெக்கானிக், "கோடு அசையாம நிக்குது சார், வேகம் கரெக்ட். மோட்டார்தான் வீக். பழைய இரும்புக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டார். "தம்பி, அண்ணன் ஞாபகமா இருக்கறது இது ஒண்ணுதான். நீ ஒரு தடவை பாரேன்" என்றார் ஆசிரியர்.

முன்னால் அமெரிக்கக் கடை ஒன்றின் பெயர்; அடியில் ஜப்பான் தயாரிப்பு என்ற எழுத்து. கோடுகளை எண்ணினேன்: 216. அங்கேயே விடை கிடைத்துவிட்டது. பிறந்த வீடு ஜப்பான், புகுந்த வீடு அமெரிக்கா. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கும், சைக்கிளை மாற்றாது. நம் 50 சைக்கிளில் அந்த மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். 6000-ஐ 216-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 27.8! விளக்கும் 50, மோட்டாரும் 50. ரெண்டும் சேர்ந்தே குறைந்ததால் கோடு நின்றது. மோட்டார் மேல் குற்றமே இல்லை.

பெல்ட்டில் ஓடும் வகை என்பதால் வைத்தியம் சுலபம். மோட்டார் புல்லியின் விட்டத்தை 1.2 மடங்கு ஆக்க வேண்டும், 10 மி.மீ. இருந்தால் 12 மி.மீ. நானும் என் நண்பனும் லேத்தில் பித்தளையில் புதுப் புல்லி கடைந்தோம். பெல்ட் நழுவாமல் இருக்க நடுவில் லேசாக மேடு விட்டோம். 180 கோடு போட்ட காகித வட்டத்தைத் தட்டின் மேல் வைத்துச் சரிபார்த்தோம். கோடு நின்றது, பெண் குரல் பெண் குரலாகவே வந்தது. ஆசிரியர் ஒரு வார்த்தையும் பேசாமல் தட்டின் ரெண்டு பக்கத்தையும் கேட்டு முடித்தார்.

ஒன்று கவனியுங்கள். எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் இந்தக் கோட்டுச் சோதனை சரிவராது. சாதாரண நியான் இண்டிகேட்டர் விளக்கு போதும். 1972-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 போன்ற டைரக்ட் டிரைவ் வகையில் வேகம் மின்சார சைக்கிளை நம்பி இருப்பதில்லை. அங்கே வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதும்.

உங்கள் வீட்டுப் பரணிலோ காயலான் கடையிலோ இப்படி ஒன்று கிடைத்தால், விலை பேசும் முன்னும் பிளக்கைச் சொருகும் முன்னும் திருப்பிப் பாருங்கள். தகட்டைப் படியுங்கள், மரையை அளந்து பாருங்கள், கோட்டை எண்ணுங்கள். பழைய இரும்பு என்று ஒதுக்கப்பட்டதில் பாதி, விலாசம் மட்டும் தெரியாமல் கிடப்பதாக இருக்கலாம். அந்த விலாசத்தைக் கண்டுபிடிக்கும் படிப்பைத்தானே நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்!