முந்தி நட்ட தக்காளி

தக்காளி நாற்றை வெளியில் எப்போது நடலாம் என்பதை இரண்டு சூடுகள் முடிவு செய்கின்றன: காற்றின் சூடு, மண்ணின் சூடு. குளிர்நாடுகளில் தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் கவனிக்கிறார்கள். கடைசி உறைபனி என்றைக்கு விழும் என்று வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் உறைபனி விழாத இரவுகளிலும் தக்காளிக்கு அடி விழுகிறது. அந்த அடி பெரும்பாலும் வேர்வழியாக வருவதால் உடனே கண்ணில் படுவதில்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் தென்பகுதியில் தக்காளி நடவுக்கென்று ஊர்வழக்கான ஒரு நாள் உண்டு. மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை அங்கே விக்டோரியா நாள் விடுமுறை. அது கழியாமல் நாற்றை வெளியே எடுக்கக்கூடாது என்பார்கள். டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழ் வீடுகளின் கொல்லைகளுக்கும் இதே கணக்குதான். அங்கே தக்காளியோடு போகும் கத்தரியும் மிளகாயும் அதைவிடவும் குளிருக்கு அஞ்சுபவை. ஜெர்மனியிலும் அண்டை நாடுகளிலும் மே 11 முதல் 15 வரையிலான நாட்களைப் ‘பனிப் புனிதர்கள்’ என்ற பெயரால் குறிப்பார்கள். அதுவரை பொறுக்கவேண்டும் என்பது அங்கத்திய விவசாயிகளின் பழைய விதி. அந்த விதி 1582-இன் நாட்காட்டித் திருத்தத்துக்கு முன்பே பிறந்தது. திருத்தத்தில் 10 நாள் விடுபட்டதால், முன்னோர் கணித்த குளிர் இன்றைய கணக்கில் மே மாதக் கடைசி வாரத்தை ஒட்டி வரும். புனிதர்கள் பழைய தேதியிலேயே நிற்கிறார்கள்.

தக்காளியின் காட்டு உறவுகள் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரை ஒட்டிய மேற்குப் பகுதியைச் சேர்ந்தவை. உறைபனி இல்லாத இடத்தில் தக்காளி பல்லாண்டுச் செடியாகவே வாழக்கூடியது. சுழியத்துக்குக் கீழே ஓரிரு டிகிரி இறங்கினால் இலையின் உள்ளே பனிப்படிகம் உருவாகி, செல் கிழிந்து, காலையில் இலை வெந்த கீரைபோலக் கறுத்துத் தொங்கும். இது எல்லோருக்கும் தெரிந்த சேதம். இதற்கு முன்னதாகவே, சுமார் 10–12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இன்னொன்று தொடங்கிவிடுகிறது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. உருக்கிய நெய் குளிரில் உறைவதைப்போல அதுவும் இறுகுகிறது. சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் சரியாக வேலை செய்ய முடியாமல் போகிறது. குளிர்ந்த இரவுக்குப் பின் பளிச்சென்று வெயில் அடித்தால் சேதம் கூடும். இலை ஒளியை வாங்கிக்கொள்ளும், ஆனால் அதைச் செலவழிக்கும் வேதிவினைகள் குளிரில் மந்தமாகியிருக்கும். செலவாகாத ஒளியே இலையைத் தாக்குகிறது.

வேரின் கதை இன்னும் விநோதமானது. ஈரமான, ஆனால் குளிர்ந்த மண்ணில் நட்ட நாற்று, காலை வெயிலில் தண்ணீர் காணாத செடியைப்போல வாடி நிற்கும். பார்த்தவர் பதறி இன்னும் தண்ணீர் ஊற்றுவார். அது மண்ணை மேலும் குளிர்விக்கும். குறை தண்ணீரில் இல்லை. குளிர்ந்த வேர் நீரை உள்ளே விடுவது குறைந்துவிட, இலைத்துளைகளோ திறந்தபடியே நீரை இழக்கின்றன. ஆண்டிஸின் உயரங்களில் 3,000 மீட்டர் அளவிலும் வளரும் ஒரு காட்டுத் தக்காளி இனம் இதில் வேறுபடுகிறது. வேர் குளிர்ந்ததும் அது இலைத்துளைகளை மூடிக்கொள்வதால் வாடுவதில்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் வீட்டுத் தக்காளியையும் இந்த இனத்தையும் ஒப்பிட்டு இதைக் காட்டியிருக்கிறார்கள்.

குளிர்ந்த மண்ணில் மணிச்சத்தும் வேருக்கு எளிதில் ஏறுவதில்லை. நட்ட ஒரு வாரத்தில் இலையின் அடிப்பக்கம் கத்தரிப்பூ நிறமாவது அதன் அடையாளம். உரம் போட்டால் சரியாகும் என்று நினைப்பது பெரும்பாலும் வீண் செலவு. மண்ணில் சத்து இருக்கிறது, எடுக்க முடியவில்லை. சூடு வந்ததும் புதிய இலைகள் பச்சையாகவே வரும். விரல் நீள ஆழத்தில், அதாவது 10 சென்டிமீட்டரில், காலை நேரத்தில் 15–16 டிகிரி இருப்பதே நடவுக்கு ஏற்ற அளவு. சமையலறை வெப்பமானியை மண்ணில் செருகிப் பார்த்தாலே போதும். முளைப்பில் சூடு எவ்வளவு பேசும் என்பதற்குத் தக்காளி விதையே சாட்சி: 25 டிகிரியில் சுமார் 6 நாளில் முளைப்பது 10 டிகிரியில் 43 நாள் எடுத்துக்கொள்கிறது.

இதனால்தான் விதையை வீட்டுக்குள் ஆறு முதல் எட்டு வாரம் முன்பே போட்டு நாற்றாக்குகிறார்கள். ஆனால் சன்னலோரத்தில் வளர்ந்த நாற்று செல்லப்பிள்ளை. காற்று பட்டதில்லை, வெறும் வெயிலைக் கண்டதில்லை. இலைமேல் மெழுகுப் பூச்சு மெலிதாக இருக்கும். அதை ஒரே நாளில் வெளியே வைத்தால் இலை காகிதம்போல வெளுத்துவிடும். நடவுக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே, முதலில் நிழலில் ஓரிரு மணி நேரம், பிறகு காலை வெயில், கடைசியில் இரவு என்று பழக்குவதே ‘கடினப்படுத்துதல்’. வீட்டுக்குள் இருக்கும்போதே நாற்றின் தலையைக் கையால் தினமும் சிலமுறை லேசாகத் தடவிவிட்டால் தண்டு குட்டையாக, தடிமனாக வளரும். காற்றில் ஆடுவதைப்போன்ற அந்த அசைவுக்குச் செடி அப்படித்தான் பதில் தருகிறது.

இவ்வளவும் அறிந்தபின்னும் இரண்டு மூன்று வாரம் முந்தி நட விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்யவேண்டியது முதலில் மண்ணைச் சூடாக்குவது. நடவுக்கு இரண்டு வாரம் முன்பே பாத்தியில் நெகிழித் தாளை மண்ணோடு ஒட்டி விரிப்பார்கள். நிறமற்ற தாள் கறுப்புத் தாளைவிட அதிகம் சூடேற்றும், ஆனால் அதன் அடியில் களையும் செழிக்கும். கறுப்பு மூடாக்கில் களை வராது. அது மண்ணைத் தொடாமல் உப்பி நின்றால் சூடு மண்ணுக்குப் போய்ச் சேராது.

அடுத்து இரவு. மேகமில்லாத, காற்று அசையாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு இழந்து, ஆள் உயரத்துக் காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். அறிக்கை 3 டிகிரி என்று சொன்ன இரவிலும் தரையில் உறைபனி படிவது இதனால்தான். பாரிஸ் நகரத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கண்ணாடி மணிகளை ஒவ்வொரு செடியின்மேலும் கவிழ்த்து வைத்தார்கள். இன்று அந்த வேலையை மெல்லிய துணிப்போர்வை ஓரிரு டிகிரி அளவுக்குச் செய்கிறது. அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது தண்ணீர் வேலி: நெகிழிக் குழாய்களை வட்டமாக ஒட்டி, உள்ளே தண்ணீர் நிரப்பிச் செடியைச் சுற்றி நிறுத்துவது. ஒரு வேலியில் 10 லிட்டர் தண்ணீர் என்று கொண்டால், அது 20 டிகிரியிலிருந்து சுழியத்துக்கு இறங்கும்போது சுமார் 840 கிலோ ஜூல் வெப்பத்தை வெளியிடும். அதே தண்ணீர் முழுதும் உறைய நேர்ந்தால் இன்னும் 3,300 கிலோ ஜூல் வெளிவரும். அதாவது, உறையும்போது வெளிவரும் வெப்பம் குளிரும்போது வெளிவருவதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. வேலியின் தண்ணீரில் பனி கட்டத் தொடங்கும் வரை உள்ளே இருக்கும் செடி சுழியத்துக்குக் கீழே போவது கடினம்.

தக்காளித் தண்டு மண்ணுக்குள் போன இடமெல்லாம் வேர் விடும் என்பதால் நாற்றை ஆழமாக நடச் சொல்வார்கள். முந்தி நடுகையில் இந்த அறிவுரை பொருந்தாது, ஆழத்து மண் இன்னும் குளிர்ந்தே இருக்கும். ஆழமற்ற வாய்க்கால் ஒன்று வெட்டி, தண்டைக் கிடையாகப் படுக்கவைத்து நுனியை மட்டும் வெளியே விட்டால், சூடான மேல்மண்ணிலேயே வேர் பரவும். நுனி ஒரு நாளில் தானே நிமிர்ந்துகொள்ளும்.

முந்தி நட்டால் முந்திக் காய்க்கும் என்றும் சொல்வதற்கில்லை. இரவு 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக விளையாது, பூ உதிரும். பூ மலர்வதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பு மொட்டு உருவாகும்போது குளிர் தாக்கினால், பழம் அடியில் தழும்பும் பிளவுமாகக் கோணலாகும். பெரிய பழ ரகங்களில் இது அதிகம். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பேகெட் உருவாக்கிய ‘ஓரிகன் ஸ்பிரிங்’ போன்ற ரகங்கள் மகரந்தச் சேர்க்கை இல்லாமலும் காய் பிடிக்கும். அப்படிப் பிடித்த காயில் விதை குறைவு. குளிரில் நடுவதற்கென்றே தேடப்படுபவை இவை.

எல்லாக் காவலையும் மீறி ஓர் இரவு உறைபனி விழுந்தால், காலையில் கறுத்த செடியை உடனே பிடுங்க வேண்டியதில்லை. தண்டின் அடிப்பகுதி பச்சையாக இருந்தால், நான்கைந்து நாளில் கணுக்களிலிருந்து புதுத் துளிர் கிளம்பக்கூடும். வெளியில் நடாமல் சன்னலோரத்திலேயே இரண்டு மூன்று நாற்றை மிச்சம் வைப்பதும் வழக்கம். வெளியே நட்டவை பிழைக்காவிட்டால் அவற்றுக்குப் பாத்தியில் இடம் கிடைக்கும்.